போக்கிடமற்ற வாடிக்கைக்காரர்

விவசாய இலாகா என்பது குடியானவருக்கு எங்கே இருக்கிறதென்று ஆராய்ந்தால், அது சென்னையிலுள்ள தலைமை ஆபீசிலும் இல்லை, அங்கிருந்து புறப்படும் சுற்றறிக்கைகளிலும் இல்லை. விதை டிப்போவில் சீட்டு எழுதுபவரிடமும், கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வழங்குபவரிடமும், நெல் கொள்முதல் நிலையத்தில் தராசண்டை நிற்பவரிடமும், கிராம நிர்வாக உத்தியோகஸ்தரின் மேஜையிலுமே அது இருக்கிறது. இவர்கள் முகம் மலர்ந்தால் சர்க்கார் முகம் மலர்ந்ததாகவும், இவர்கள் கடுகடுத்தால் சர்க்கார் கடுகடுத்ததாகவும் ஜனங்கள் கொள்கிறார்கள். இவ்வளவும் யாவரும் அறிந்ததே. ஆயினும், முகப்பில் நின்று வேலை செய்பவர்கள் வருவோரிடம் மரியாதையாக நடக்க வேண்டுமென்று உபதேசம் செய்வதோடு அநேகர் நின்றுவிடுகிறார்கள். உபதேசத்தால் இக்குறை தீருமானால் எப்பொழுதோ தீர்ந்திருக்கும். மரியாதை ஓரிடத்தில் தானாகவே விளைவதும், மற்றோரிடத்தில் எவ்வளவு எருவிட்டாலும் முளைக்காமலிருப்பதும் எக்காரணத்தால் என்பதே ஆராயத் தக்கது.

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் உரம் விற்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். தம் கடைப் படியில் ஒருவர் கால் வைத்ததும், "வாங்க அண்ணாச்சி, இருங்க" என்று ஆசனம் காட்டுகிறார். நாற்றுவிட்ட தேதியைக் கேட்கிறார். சென்ற போகத்தில் குருத்துப்பூச்சி விழுந்ததையும் நினைவு வைத்திருக்கிறார். இவர் குணத்தால் சாது என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால், நாலு கடை தள்ளி இன்னொரு உரக்கடை இருக்கிறதென்பதும் உண்மை. அதே வியாபாரியை யூரியாவுக்குத் தட்டுப்பாடு வந்த ஒரு வாரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 45 கிலோ மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்க, அத்துடன் நுண்ணூட்டக் கலவையோ வேறு டப்பியோ சேர்த்து வாங்கினால்தான் மூட்டை வெளியே வரும் என்கிறார். அவ்வாறு கட்டாயப்படுத்துவது விதிக்கு விரோதமென்று அவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். ஆசனத்தைப் பற்றிய பேச்சே அன்றைக்கு இல்லை. மனிதர் மாறவில்லை, வாங்குபவருக்கு வேறு போக்கிடம் இல்லாமற் போயிற்று, அவ்வளவே.

ஆகையால், தனியார் கடையில் மரியாதை உண்டு, சர்க்கார் சார்ந்த இடத்தில் இல்லை என்று பொதுவாகப் பேசப்படுவது முழு உண்மையன்று. எழுந்து போகக்கூடியவருக்கு எங்கும் மரியாதை கிடைக்கிறது. போக முடியாதவர் எங்கும் நிற்க வைக்கப்படுகிறார். சங்கமும், ரேஷன் கடையும், கொள்முதல் நிலையமும், கிராமக் கச்சேரியும் பெரும்பாலும் போக முடியாதவர்களுக்கென்றே ஏற்பட்டவை. அதனால்தான் அங்கு முகப்பில் உட்காருபவரின் பொறுப்பு, கடைத்தெரு வியாபாரியின் பொறுப்பைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது.

போக்கிடமின்மையின் முழு உருவத்தைக் காண விரும்புவோர் நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. மணிமுத்தாறு அணைக்கு மேலே மலைப்பாதையில் ஏறினால் மாஞ்சோலை வருகிறது. அதற்கப்பால் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்கள் இருக்கின்றன. நாலுமுக்கிலும் ஊத்திலும் விழும் மழை தமிழ்நாட்டிலேயே மிக அதிகமான மழைகளில் ஒன்று என்பதைப் பள்ளத்தாக்கிலுள்ள மிராசுதார்கள் அறிவார்கள். அம்மலையில் பெய்வதுதான் மணிமுத்தாறு அணையில் நிற்கிறது. 1929-ஆம் வருஷத்தில் சிங்கம்பட்டி ஜமீன்தார் அக்காட்டில் சுமார் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு விட்டார். 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி ஜமீன் சர்க்கார் வசமான பிறகும் குத்தகை நீடித்தது. 2028-இல் முடிவது அதன் கெடு. காட்டை அழித்துத் தேயிலை வைக்க அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும், அவர்கள் மக்களும் அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி வந்தார்கள்.

தோட்ட வாழ்க்கையின் தன்மை சமவெளியார் பலருக்குச் சரியாக விளங்குவதில்லை. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருக்கும் வீடு, மருத்துவம் முதலிய வசதிகளை முதலாளியே அளிக்க வேண்டுமென்று விதித்தது. தொழிலாளர் நலத்தைக் கருதி விதித்ததாகையால் அது நல்ல சட்டமே. ஆனால் அதன் பலனாகக் கூலி கொடுப்பவரும், வீடு கொடுப்பவரும், மருந்து கொடுப்பவரும் ஒருவரே ஆயினர். வேலை போனால் வீடும் போயிற்று. கூரை ஒழுகினாலும், கூலிக் கணக்கில் பிசகு நேர்ந்தாலும், பிள்ளைக்கு ஜுரம் கண்டாலும் போய் நிற்க வேண்டிய வாசல் ஒன்றே. அவ்வாசலில் இருப்பவர் நல்லவரானால் நாள் நன்றாகக் கழியும், அல்லாதவரானால் கேட்பாரில்லை. மலையிலிருந்து கீழே இறங்கவும் குறித்த வேளையில் வரும் பஸ்ஸையே நம்பியிருக்க வேண்டும். கைப்பிள்ளைக்காரி வருவதைக் கண்டு ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கும் கண்டக்டரின் பெயர், அப்படிப்பட்ட ஊரில் நெடுங்காலம் நிற்கும். நிறுத்தாமற் போனவரின் பெயரும் அப்படியே.

1999-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி, அத்தொழிலாளரின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஓர் ஊர்வலம் கலெக்டர் கச்சேரியை நோக்கிச் சென்றது. போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் 17 பேர் மாண்டனர். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அத்துயரத்தை ஒரு கச்சேரியின் உபசாரக் குறைவாகச் சுருக்கிப் பேசுவது தகாது. அதன் காரணங்கள் ஆழமானவை, விசாரணைக் கமிஷனும் அதைப் பற்றி நடந்தது. இங்கே குறிப்பிட வேண்டியது ஒன்றுதான். வந்தவர்கள் மனுக் கொடுக்க வந்தவர்கள். மலையில் இருந்த ஒரே வாசலில் தீராத விஷயத்திற்குக் கீழே மற்றொரு வாசலைத் தேடி வந்தார்கள். மனுக் காகிதத்துடன் எவரேனும் தம் மேஜைக்கு வரும்போது, கிராம உத்தியோகஸ்தர்கள் அதை நினைவில் வைப்பது நலம்.

இனி, பள்ளத்தாக்கின் சொந்தக் காரியத்திற்கு வரலாம். எட்டு அணைக்கட்டுகளாலும் அவற்றின் கால்களாலும் நீர் பெறும் இப்பூமியில் கார், பிசானம் என இரு போகங்களும் அறுவடையாகி நெல் களத்தில் விழும் காலம் ஒவ்வொன்றும் ஒரு பரீட்சைக் காலம். அதிலும் கார் அறுவடை மிகவும் நெருக்கடியானது. புரட்டாசி முடிவில் வானம் எப்பொழுது கவிழுமென்று சொல்ல முடியாது. குடியானவர் அம்பை 16 ரக நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்தில் கொண்டு குவிக்கிறார். ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேற்படக் கூடாதென்பது விதி. நிலையத்தார் கருவியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்த்து, "ஈரம், எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுகிறார். விதிப்படி அவர் செய்தது சரியே. ஆனால், எத்தனை ஈரம் என்று சொல்லவில்லை. கருவியைக் காட்டவும் இல்லை. நெல்லின் சொந்தக்காரர் இரவெல்லாம் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து, கருவி சொன்னதா, மனிதர் சொன்னாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த யோசனையிலிருந்துதான் "மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தால் ஈரம் காய்ந்துவிடும்" என்ற பேச்சும் பிறக்கிறது, அந்த வழக்கமும் பிறக்கிறது. சில இடங்களில் அது வழக்கமாகவே ஆகிவிட்டதென்பதை மறைத்துப் பயனில்லை.

அதே விதியை அதே கருவியைக்கொண்டு வேறு விதமாகவும் நிறைவேற்றலாம். "அண்ணாச்சி, இதோ பாருங்கள், பத்தொன்பது காட்டுகிறது. இன்று பகல் முழுவதும் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள். உங்கள் நம்பர் போய்விடாது, நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி பார்க்கலாம்" என்று சொல்ல அரை நிமிஷம் செல்லும். நெல் ஒரு மணி கூட அதிகமாக எடுக்கப்படவில்லை. விதி ஒரு நூலளவும் தளரவில்லை. குடியானவர் மாத்திரம் நிம்மதியாகக் காயப் போடுவார். மறுநாள் கருவி பதினேழு காட்டாவிட்டாலும் குறை சொல்லமாட்டார். தராசை அவர் பார்க்கும்படி வைப்பதும், சாக்கின் எடை எவ்வளவு கழிக்கப்படுகிறதென்று பலகையில் எழுதுவதும், நிறுத்தவுடன் பில்லைக் கையில் கொடுப்பதும், பணம் பாங்கியில் எந்நாளில் சேருமென்று தெரிந்தவரையில் சொல்வதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சாக்கு வரவில்லையென்றால் வரவில்லை என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். மாலை வரை நிற்கவைத்துச் சொல்வது எவ்வாற்றானும் நியாயமன்று.

காத்திருப்பதைக் குடியானவர் வெறுக்கிறார் என்று எண்ணுவது பிசகு. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் அந்தி வேளையில் சில மணி நேரமே அல்வா விற்பனை நடக்கிறது. கூட்டம் வரிசையாக நிற்கிறது. உட்கார நாற்காலி இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகையின் பகட்டும் இல்லை. ஆயினும் நிற்பவர்கள் முணுமுணுப்பதில்லை. முறை வந்தால் கிடைக்கும், கிடைப்பது நேற்றுக் கிடைத்ததைப் போலவே இருக்கும், முன்னால் நிற்பவருக்கும் தமக்கும் ஒரே விலை, ஒரே நிறை என்று அவர்கள் அறிவார்கள். கொள்முதல் நிலையத்தில் மனிதரை வாட்டுவது காத்திருப்பதன்று. எதற்காக, எவ்வளவு நேரம், எந்த முறையில் என்று தெரியாமல் காத்திருப்பதே வாட்டுகிறது. அதற்கிடையில் மேகம் கறுக்கிறது. அச்சமயத்தில் தனியார் வியாபாரி களத்திற்கே வந்து, ஈரத்தைப் பற்றிப் பேசாமல், சர்க்கார் விலைக்குக் குறைந்த விலை ஒன்றைச் சொல்லிப் பணத்தை எண்ணி வைக்கிறார். குடியானவர் கொடுத்துவிடுகிறார். கணக்குப் பார்த்தால் அது நஷ்டமான வியாபாரமே. நஷ்டமென்று தெரிந்தே அவர் செய்கிறார்; நிச்சயமின்மையிலிருந்து விடுபட அவர் கொடுக்கும் விலை அது. போக்கிடமற்றவர் கடைசியில் கண்டுபிடிக்கும் போக்கிடம் பெரும்பாலும் இப்படிப்பட்டதாகவே இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தின் விஷயத்தில் இன்னுமொரு விபரீதம் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் வருஷம் 28 பேர் கூடி ஒரு சிறு கடை திறந்தார்கள். கலப்படமற்ற சரக்கு, சரியான நிறை என்பவை அவர்கள் கொள்கையில் தலையானவை. வாங்குபவரே கடைக்குச் சொந்தக்காரரானால் அவரை ஏமாற்ற எவருக்கும் மனம் வராது என்பது அவர்கள் கண்ட சூத்திரம். நம் நாட்டில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே வருஷம் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. அந்தச் சூத்திரத்தின்படி பார்த்தால், சங்கத்தின் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்பவர் முதலாளி. உள்ளே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பவர் அவருடைய சிப்பந்தி. நடைமுறையில் எவர் எவரை "ஐயா" என்று அழைக்கிறார் என்பதை ஒரு நாள் சங்கத்து வாசலில் நின்று கவனித்தால் போதும். பங்குத் தொகை செலுத்திய அங்கத்தினர் கடனுக்கு மனுச் செய்யும்போது யாசிப்பவரைப் போல் நிற்பாரானால், அச்சங்கத்தின் கணக்குப் புஸ்தகம் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறிவிட்டதென்றே கொள்ள வேண்டும்.

முகப்பில் இருப்பவர்களுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். ஒரே காரியதரிசி இரண்டு சங்கங்களைப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஆதார் எண்ணுடன் கைரேகை வைத்தாலன்றி உரம் வழங்கும் இயந்திரம் சீட்டுத் தராது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமற் போவதும், தொலைத்தொடர்பு அறுந்து இயந்திரம் அரை நாள் விழித்துக்கொண்டு நிற்பதும் அவர் குற்றமல்ல. ஏச்சு மாத்திரம் அவருக்கே. சரக்கு அனுப்பாத மேலிடம் ஏச்சுக் கேட்பதில்லை. கீழே இருப்பவரை வாடிக்கைக்காரரிடம் பணிவாயிரு என்று சொல்லும் மேலதிகாரி, அச்சிப்பந்தியிடம் தாம் எவ்வாறு பேசுகிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். காலையில் டெலிபோனில் வாங்கிக்கட்டிக்கொண்டவர் பகலில் குடியானவருக்கு அதை வட்டியுடன் திருப்பித் தருகிறார்.

நிலச்சுவான்தார்கள் தங்கள் பங்கையும் ஒப்புக்கொள்வது அவசியம். பெரிய நிலக்காரர் வரிசையில் நிற்பது வழக்கமில்லை. அவர் வந்ததும் ஆசனமும் தேநீரும் வருகின்றன; அவர் நெல் முதலில் நிறுக்கப்படுகிறது. காலையிலிருந்து நிற்கும் குத்தகைக்காரரை "ஏலே, தள்ளி நில்லு" என்று சொல்லும் குரலும் அதே இடத்தில்தான் எழுகிறது. ஒருவருக்கு அண்ணாச்சியும் மற்றவருக்கு ஏலேயும் வழங்கும் நாவிற்கு மரியாதை என்பது தெரியாமலில்லை. யாருக்கு என்பதில்தான் அது கணக்குப் பார்க்கிறது. முறை தவறி முதலில் நிறுத்துக்கொண்டு போகும் மிராசுதார், அடுத்த வாரம் அதே நிலையத்தில் ஒழுங்கில்லை என்று மனு எழுதுவதில் பொருளில்லை. இதைவிடக் கடினமான விஷயம் சான்றுகளைப் பற்றியது. கொள்முதலுக்கு அடங்கலும் சிட்டாவும் வேண்டும். வாரத்திற்கோ வாய்மொழிக் குத்தகைக்கோ உழுபவரிடம் சிட்டா ஏது? நிலத்தின் சொந்தக்காரர் ஒத்துழையாவிட்டால் உழுதவர் நெல் வியாபாரியிடமே போகும். சொந்தக்காரர் சம்மதம் தந்து, கிராம நிர்வாக உத்தியோகஸ்தர் நிலத்தை நேரில் பார்த்துப் பயிரிடுபவரின் பெயரைத் தாமதமின்றிப் பதிந்தால், அந்தக் குடும்பத்திற்கு அதைக் காட்டிலும் பெரிய உபகாரம் வேறில்லை. முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் பரம்பரையாக வகித்த ஸ்தானங்கள் 1980-இல் எடுபட்டு, பரீட்சை எழுதித் தேறியவர்கள் அவ்விடத்திற்கு வரலாயினர். பரம்பரை போனதைப் போலவே, அந்த நாற்காலியைப் பற்றிய பயமும் போயிருக்க வேண்டும். சில கிராமங்களில் அது இன்னும் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

விற்கும் இடத்தில் குடியானவர் தாமே முகப்பில் நிற்கும் சந்தர்ப்பமும் உண்டு. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை ஏற்பாடு பின்னர்ப் பாளையங்கோட்டை மகாராஜநகருக்கும் வந்தது. அங்கே விலையை அன்றன்று சந்தை நிர்வாகம் எழுதிப்போடுகிறது. ஆகவே விலையில் போட்டியில்லை. ஆயினும் ஒரு கடையில் காலை ஏழு மணிக்குள் கத்தரிக்காய் தீர்ந்துவிடுவதும், பக்கத்துக் கடையில் பத்து மணிக்கும் கிடப்பதும் காணக்கூடியவை. முன்னவர் கூடையின் மேலும் அடியும் ஒன்றுபோல் வைத்திருக்கிறார். முற்றலை முற்றல் என்று சொல்லி ஒதுக்குகிறார். நல்ல முகப்பு எப்படியிருக்கும் என்று அவரிடம் கேட்டால், சங்கத்துச் சிப்பந்திக்கு வேண்டிய பாடம் முழுவதும் கிடைத்துவிடும்.

மாஞ்சோலையின் கதை இத்துடன் முடியவில்லை. 2024-ஆம் வருஷத்தில் கம்பெனி வேலையை முடித்துக்கொள்ள முற்பட்டுத் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அளித்தது. தோட்டத்தைச் சர்க்காரின் தேயிலைக் கழகம் ஏற்று நடத்த வேண்டுமென்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வருஷம் டிசம்பரில் ஏற்கவில்லை. புலிகள் காப்பகத்தின் நடுவிலுள்ள அந்நிலம் காடாகவே திரும்ப வேண்டுமென்பது சர்க்காரின் நோக்கம். நான்கு தலைமுறை மலையில் வாழ்ந்த பல குடும்பங்கள் சமவெளியில் இறங்கின. அவர்களுக்கு இங்கே நிலமில்லை, பட்டாவில்லை, சங்கத்தில் பங்கில்லை. வீட்டு முகவரி மாறியதால் ரேஷன் கார்டு முதற்கொண்டு பிள்ளைகளின் பள்ளிச் சான்று வரையில் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு மேஜையைத் தாண்டியாக வேண்டும். பிறந்த முதல் ஒரே வாசலில் நின்று பழகியவர்களுக்கு எந்த மேஜைக்கு முதலில் போவதென்றுகூடத் தெரியாது.

கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு, விக்கிரமசிங்கபுரம் வட்டாரங்களிலும் திருநெல்வேலியைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள உத்தியோகஸ்தர்கள், அப்படி வருபவருக்கு எந்தக் காகிதம், எத்தனை பிரதி, எவரிடம், எந்தக் கிழமை என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டி வைக்கலாம். எழுத்தறியாதவர் வந்தால் எழுந்து வந்து படித்துக் காட்டலாம். மேழி பிடித்தறியாத கைகள் அவை. ஆனால் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் நாற்றுப் பறிக்கவும் காய்கறித் தோட்டத்தில் களையெடுக்கவும் விரைவில் தேறும். பிசான நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருஷந்தோறும் முறையிடும் மிராசுதார்கள், முதல் நாள் வேலைக்கு வருபவரிடம் கூலி இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி, அன்று மாலையே எண்ணிக் கொடுத்தால், மறுநாள் அவர்கள் வேறு இருவரையும் அழைத்துக்கொண்டு வருவார்கள்.